புல்லை அளக்கப் போகிறேன்!

"வேலைக்குப் போகிறேன், வேலைக்குப் போகிறேன் என்று இதழுக்கு இதழ் எழுதுகிறீர்களே தவிர, என்ன வேலை என்று ஒரு தடவையாவது சொன்னீர்களா?" என்று ஈரோட்டுச் சகோதரி ஒருவர் உரிமையோடு கோபித்துக்கொண்டிருக்கிறார். மாதத்தில் பாதி நாள் நான் கூடாரத்தில் படுத்துத் தூங்குவதைப் படித்துவிட்டு, "அதென்ன, சர்க்கஸ் கம்பெனியா?" என்று கேட்டிருக்கிறார் இன்னொருவர். நியாயமான கேள்விதான். இந்த இதழில் சொல்லிவிடுகிறேன்.

நான் புல்லை அளக்கிறேன். சிரிக்காதீர்கள், உண்மையாகத்தான்! அமெரிக்காவில் நெவாடா மாநிலத்தின் மேய்ச்சல் காடுகளில், புல்லையும் புதரையும் வெறும் தரையையும் டேப் பிடித்து அளந்து எழுதிக்கொண்டு வருவதுதான் என் உத்தியோகம். ஊரில் கல்லூரியில் படித்த தாவரவியல் இப்படிக் கைகொடுக்கும் என்று நான் நினைத்ததே இல்லை. மே மாதம் தொடங்கி செப்டம்பர் வரை எட்டு நாள் காட்டில், ஆறு நாள் வீட்டில். ஒரு வண்டி, இரண்டு மூன்று பேர், தண்ணீர்க் கேன்கள், அடுப்பு, கூடாரம். இன்று ஓரிடம், நாளை வேறிடம். ரீனோ நகரத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து வின்னமக்கா என்ற சிற்றூருக்கே இரண்டரை மணி நேரம். அதற்கு அப்பால் தார்ச் சாலை முடிந்து, மண் பாதை முடிந்து, பிறகு நடைதான்.

யாருடைய புல்?

நம் கிராமங்களில் மேய்க்கால் புறம்போக்கு என்று சொல்வோமே, ஊர் மாடுகள் மேய விட்டிருக்கும் பொது நிலம், அதைப் பெரிதாக, மிகப் பெரிதாக நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் மேற்குப் பகுதி மாநிலங்களிலும் அலாஸ்காவிலுமாக மத்திய அரசின் நில நிர்வாகத் துறையிடம் மட்டும் சுமார் 24.5 கோடி ஏக்கர் இருக்கிறது. நம் தமிழ்நாட்டைப் போல் ஏழு மடங்குக்கும் மேலே! நெவாடாவில் பாதிக்கு மேற்பட்ட நிலம் இந்தத் துறையிடம்தான். இதில் சுமார் 15.5 கோடி ஏக்கரில், மாட்டுப் பண்ணைக்காரர்கள் கட்டணம் கட்டி, அனுமதி வாங்கிக்கொண்டு மாடும் ஆடும் மேய்க்கிறார்கள். அனுமதி பெரும்பாலும் பத்து வருஷத்துக்கு.

ஒரு காலத்தில் அனுமதியும் இல்லை, கணக்கும் இல்லை. முந்திக்கொண்டவருக்குப் புல். நான் மேய்க்காவிட்டால் அடுத்தவன் மேய்த்துவிடுவான் என்ற பயத்தில் எல்லோரும் மேய்த்து, நிலம் மொட்டையாகிவிட்டது. அதே சமயம் நடுப்பகுதிச் சமவெளிகளில் உழுது போட்டிருந்த மண் வறட்சியில் காற்றோடு கிளம்பி, 1934 மே மாதம் நியூயார்க் நகரம் வரைக்கும் போய் வானத்தை மறைத்தது. அந்த வருஷம் ஜூன் மாதம் டெய்லர் மேய்ச்சல் சட்டம் வந்தது. எங்கே, எத்தனை மாடு, எத்தனை மாதம் என்று கணக்குப் பிறந்தது அப்போதுதான். 1946இல் நில நிர்வாகத் துறை ஏற்பட்டது.

கணக்கு என்றால் அளக்க வேண்டும் அல்லவா? மாடு எத்தனை என்று எண்ணிவிடலாம். நிலம் சுகமாக இருக்கிறதா, இளைத்துப் போகிறதா என்பதை எப்படி எண்ணுவது? வெவ்வேறு அலுவலகங்களில் வெவ்வேறு விதமாக அளந்துகொண்டிருந்தார்கள். ஓர் ஊர்க் கணக்கை இன்னோர் ஊர்க் கணக்கோடு ஒப்பிட முடியாது. 2011இல்தான், நாடு முழுவதும் ஒரே விதமாக அளப்பது என்ற திட்டம் வகுத்தார்கள். அந்த அளவுகோலைத்தான் நாங்கள் தூக்கிக்கொண்டு அலைகிறோம்.

ஊசி போட்டு எண்ணுவது

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். ஆனால் எந்தச் சோறு? மேலாக இருப்பதை எடுத்தால் ஒரு பதம், அடியில் எடுத்தால் வேறு பதம். அதனால் அளக்க வேண்டிய இடத்தை நாங்கள் பொறுக்குவதில்லை. அலுவலகத்தில் கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்குவதுபோல் எடுத்துக் கொடுத்துவிடும். அது பாறை உச்சியானாலும் சரி, முள் புதரானாலும் சரி, அங்கேதான் போய் நிற்க வேண்டும். "பக்கத்தில் நல்ல இடமா இருக்கே, அங்கே அளந்துக்கலாமே" என்ற பேச்சுக்கே இடமில்லை.

நடுவில் ஒரு குச்சி. அதைச் சுற்றி, மூன்று இதழ் பூவைப்போல மூன்று திசையில் 25 மீட்டர் டேப் விரிக்க வேண்டும். நடுவிலிருந்து ஐந்து மீட்டர் தள்ளித்தான் டேப் தொடங்கும். நாங்கள் நின்று மிதித்த இடத்தையே அளந்துவிடக் கூடாது என்று அந்த முன்ஜாக்கிரதை. பிறகு அரை மீட்டருக்கு ஒரு தடவை மெல்லிய கம்பி ஒன்றை நேராகக் கீழே இறக்க வேண்டும். அது எதைத் தொடுகிறது என்று ஒருத்தி சொல்ல, இன்னொருத்தி எழுத வேண்டும். புதர்... புல்... சருகு... கல்... வெறும் மண்... ஒரு டேப்புக்கு 50, மூன்றுக்குமாக 150 தடவை. மறுபடி டேப்பின் மேலேயே நடந்து, செடியே இல்லாத இடைவெளி ஒவ்வொன்றும் எத்தனை நீளம் என்று எழுத வேண்டும். இடைவெளி பெரிதானால் காற்று உள்ளே புகுந்து மண்ணை அள்ளிக்கொண்டு போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது மண் பரிசோதனை. பட்டாணி அளவுக்கு 18 மண் கட்டிகளைச் சிறு சல்லடைகளில் வைத்துத் தண்ணீரில் இறக்குகிறோம். பதம் தவறிய அதிரச மாவு எண்ணெயில் விட்டதுமே பிரிந்து போகிறதே, அந்த மாதிரி சில கட்டிகள் ஐந்து விநாடிக்குள் கரைந்து சேறாகிவிடும். அதற்கு மார்க் 1. ஐந்து நிமிஷம் ஊறி, ஐந்து தடவை முக்கி எடுத்தும் உருக்குலையாமல் நிற்கும் கட்டிக்கு 6. வேரும், கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களும் பசைபோட்டுப் பிடித்து வைத்த மண் அது. மழை வந்தாலும் ஓடாது. பக்கத்தில் ஒரு குழி தோண்டி, அந்த மண்ணை நனைத்துப் பிசைந்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நாடாவாகப் பிதுக்கிப் பார்ப்போம். நாடா அறுந்து விழாமல் நீண்டு வந்தால் களி அதிகம். கூட வரும் பெண்கள், "இவ்வளவு சீக்கிரமா எப்படிக் கத்துக்கிட்டே?" என்று கேட்டார்கள். முறுக்குப் பிழிந்த கைக்கு இது ஒரு வித்தையா!

பச்சை ஏமாற்றும்

"இதற்கெல்லாம் அளவு எதற்கு? பச்சையாக இருந்தால் நல்ல நிலம், காய்ந்து கிடந்தால் கெட்ட நிலம். கண்ணுக்குத் தெரியாதா?" என்று கேட்பீர்கள். தெரியாது என்பதுதான் விஷயம்.

நெவாடாவின் நல்ல மேய்ச்சல் நிலம் முதல் பார்வைக்கு அழகாகவே இருக்காது. சேஜ்பிரஷ் என்று சாம்பல் பூத்த புதர்கள். நடுவே குத்துக் குத்தாக வருஷக்கணக்கில் வாழும் நாட்டுப் புல். குத்துக்கும் குத்துக்கும் நடுவில் கருமையான மேலோடு கட்டிய மண். பாசியும் நுண்ணுயிர்களும் சேர்ந்து கட்டிய அந்த ஓட்டை ஒரு தடவை மிதித்து நொறுக்கினால், பழையபடி ஆகப் பல ஆண்டுகள், சில இடங்களில் ஒரு தலைமுறை காலம்கூட ஆகும்.

கெட்டுப்போன நிலம் ஏப்ரல் மாதத்தில் எப்படி இருக்கும் தெரியுமா? பட்டுக் கம்பளம் விரித்ததுபோல் பச்சைப் பசேல்! அது சீட்கிராஸ். பெயரிலேயே ஏமாற்று இருக்கிறது. ஐரோப்பா, ஆசியாப் பக்கத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தானியத்தோடும் வைக்கோலோடும் வந்து சேர்ந்த புல் இது. இலையுதிர் காலத்திலேயே முளைத்து, மற்றப் புல் கண் விழிக்கும் முன் ஈரத்தையெல்லாம் குடித்துவிட்டு, ஜூன் பிறப்பதற்குள் காய்ந்து வைக்கோலாக நிற்கும். குத்துப் புல்லுக்கு நடுவே இருந்த இடைவெளியெல்லாம் நிரம்பிவிடுவதால், ஒரு பொறி விழுந்தால் நிற்காமல் ஓடும். 2018 ஜூலையில் வின்னமக்காவுக்கு வடக்கே பிடித்த தீ 4,35,000 ஏக்கரைத் தின்றது. சேஜ்பிரஷ் எரிந்தால் அடியிலிருந்து துளிர்க்காது, விதை போட்டு வந்தால்தான் உண்டு. ஏமாற்றுப் புல்லோ அடுத்த மழைக்கே வந்துவிடும். வந்ததும் மறுபடி தீக்கு விறகு.

இளம் தாய்மாருக்கு இது சட்டென்று விளங்கும். கொழுகொழு என்று இருக்கும் குழந்தையெல்லாம் ஆரோக்கியமான குழந்தையா? பார்வைக்குத் துறுதுறுவென்று இருக்கும் குழந்தை மூன்று மாதமாக எடையே ஏறாமல் இருக்கக்கூடும். அதைக் கண் சொல்லாது. எடை அட்டைதான் சொல்லும். டேவிட் மார்லி என்ற ஆங்கிலேயக் குழந்தை மருத்துவர் நைஜீரியாவின் கிராமங்களில் வேலை செய்தபோது உருவாக்கிய அட்டை, இன்று நம் அங்கன்வாடி வரைக்கும் பல உருவங்களில் வந்திருக்கிறது. அதில் பார்க்க வேண்டியது ஒரு மாதத்து எடையை அல்ல, கோடு எந்தப் பக்கம் போகிறது என்பதை. மேலே போகிறதா, படுத்துவிட்டதா, இறங்குகிறதா?

வாய் பேசத் தெரியாத குழந்தைக்கு அட்டை எப்படியோ, நிலத்துக்கு எங்கள் கணக்கு அப்படி. அதே இடம், அதே முறை, வருஷங்கள் கழித்து மறுபடி ஒரு தடவை. வெறும் தரை அதிகமாகியிருக்கிறதா? குத்துப் புல் குறைந்திருக்கிறதா? மண் கட்டி கரைகிறதா? கோடு எந்தப் பக்கம் போகிறது?

வேலிக்கு அந்தப் பக்கம்

இதெல்லாம் காகிதக் கணக்கு மட்டும் என்று நினைக்க முடியாதபடி ஒரு நாள் ஒரு பெரியம்மா வந்தார். அறுபது வயதுக்கு மேலிருக்கும். பழைய லாரியை எங்கள் டேப்புக்கு எட்ட நிறுத்திவிட்டு இறங்கினார். தீயில் எரிந்த பக்கத்து மேய்ச்சல் அவர் குடும்பத்துடையது. அவர் சொன்னதை நம் பாஷையில் சொல்கிறேன்.

"நாலு தலைமுறையா இங்கே மாடு வச்சிருக்கோம். நீங்க மூணு மணி நேரம் வந்து ஊசி குத்திட்டுப் போவீங்க. அதை வச்சு என் மாட்டுல பாதியைக் குறைன்னு எழுதிடுவாங்களா?"

குரலில் கோபம் இருந்தது. அதற்கு அடியில் பயம் இருந்தது. மாட்டைக் குறைத்தால் அந்த வீட்டில் உலை கொதிப்பது குறையும். வீணாக ஆறுதல் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. "எத்தனை மாடு என்று முடிவு செய்வது நான் இல்லை, அலுவலகம். எங்கள் கணக்கையும் பார்ப்பார்கள், மற்றதையும் பார்ப்பார்கள். நான் எழுதுவது உங்களுக்குச் சாதகமா பாதகமா என்று எனக்கே தெரியாது. ஆனால் நான் எழுதுகிற ஒவ்வொன்றையும் நீங்கள் கூடவே நின்று பார்க்கலாம்" என்றேன்.

நின்றார். கம்பி இறங்க இறங்கப் பார்த்தார். பத்து நிமிஷம் கழித்து, நான் வாய் திறப்பதற்கு முன்னால் அவரே புல்லின் பெயரைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்! எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், எந்தச் சரிவில் பனி தங்கும் என்று அவர் சொன்னது எந்த மானுவலிலும் கிடையாது. தீக்குப் பிறகு இரண்டு வளரும் பருவம் மாட்டை உள்ளே விடாமல் வைத்திருந்தார்களாம். "அந்த ரெண்டு வருஷம் வைக்கோல் வாங்கியே கடனாச்சு. ஆனா பாரு, அது தாயில்லாம வந்த புல்லு இல்லே" என்று நாட்டுப் புல் குத்து ஒன்றைக் காட்டினார்.

அந்த இடத்தில் 150 தடவை கம்பி இறக்கியதில் நாட்டுப் புல்லும் இருந்தது, ஏமாற்றுப் புல்லும் இருந்தது. இரண்டையும் இருந்தபடியே எழுதினோம். அவர்மேல் பரிவு வந்ததற்காக ஒரு புல்லைக் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. எடை போடும்போது அம்மா முகத்தைப் பார்த்து முள்ளைத் தள்ளிவைக்கும் நர்ஸ், அந்தக் குழந்தைக்கு நன்மையா செய்கிறாள்?

மாமியாரின் கேள்வி

எங்கள் மகனுக்கு ஐந்து வயது. நான் காட்டில் இருக்கும் எட்டு நாளும் என் கணவரும், காங்கேயத்திலிருந்து வந்திருக்கும் மாமியாரும்தான் பார்த்துக்கொள்கிறார்கள். முதல் தடவை நான் மூட்டை கட்டியபோது மாமியார், "ஏம்மிணி, பெத்த புள்ளைய உட்டுப்போட்டு புல்லை அளக்கப் போறயா? இதுக்கு ஒரு படிப்பா?" என்று கேட்டார். சுருக்கென்றுதான் இருந்தது. பதில் பேசாமல் போய்விட்டேன்.

பெரியம்மாவின் கதையை வந்து சொன்னபோது கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு வெள்ளாமைக்கு அடைச்சு வெச்சாங்களா? அதுதான் சரி" என்றார். அவர் பிறந்த வீட்டில் கொறங்காடு இருந்தது. கிளுவை வேலி கட்டி, வெள்வேல மரம் நிற்க, கொழுக்கட்டைப் புல் விளையும் காங்கேயம் பக்கத்து மேய்ச்சல் காடு அது. "மழை பேஞ்சதும் பச்சையப் பாத்து மாட்டை உள்ளே உடப்படாது. புல்லு கதிர் வாங்கி வெதை உதுரோணும். எங்கப்பாரு நித்தம் போய் வேலியோரம் நின்னு பாத்துட்டு வருவாரு" என்றார். பிறகு மெதுவாக, "அதே வேலைதான் நீயும் பண்றயாக்கும்" என்றார்.

அதற்கப்புறம் என் சாப்பாட்டு மூட்டையைக் கட்டுவது அவர்தான். புளியோதரைப் பொடி, பருப்புப் பொடி, வறுத்த அவல், எள்ளுருண்டை. பிள்ளையைப் பிரியும் வருத்தம் போய்விட்டதா என்றால், போகவில்லை. அலைபேசி எடுக்காத இடத்தில் இரவு படுத்தால் அவன் நினைப்புதான். வேலைக்குப் போகும் எந்தத் தாய்க்கும் அது இருக்கிறது. இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறோம்.

வெயிலில் உடம்பு

காட்டில் கற்றுக்கொண்ட சில விஷயங்கள் வீட்டிலும், வயலிலும், பஸ் பயணத்திலும் உங்களுக்கு உதவும்.

ஒதுங்க இடமில்லையே என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதீர்கள். நம் பெண்கள் பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் செய்யும் காரியம் இது. சிறுநீர்ப் பாதையில் தொற்று வருவதற்கு இதுவும் ஒரு காரணம். சிறுநீர் இளமஞ்சளாக இருந்தால் போதுமான தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று அர்த்தம். அடர்ந்த மஞ்சளானால் உடம்பு தண்ணீர் கேட்கிறது.

வயிற்றுப் போக்கில் நீர் இறங்கிப்போனால் மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பொட்டலம் நல்லது. கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. அளவு முக்கியம், உப்பைக் கூட்டிவிடக் கூடாது. கைக்குழந்தைக்கானால் தாய்ப்பாலை நிறுத்தாமல், டாக்டரிடமும் காட்டிவிடுங்கள்.

வெயிலில் வேலை செய்கிறவருக்குத் தலை சுற்றி, பேச்சுக் குழறி, உடம்பு நெருப்பாய்க் கொதித்தால், அது சாதாரண மயக்கம் அல்ல. நிழலுக்குக் கொண்டுபோய், ஈரத் துணி போட்டு, விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

மாதவிலக்கு நாட்களுக்குக் கூடுதலாக இரண்டு நாளைக்கான துணியோ நாப்கினோ எப்போதும் பையில் இருக்கட்டும். பயன்படுத்தியதை மூடிய பையில் போட்டுத் திரும்பக் கொண்டுவருவதுதான் எங்கள் பழக்கம். காட்டில் ஒரு துண்டுகூட விடுவதில்லை.

பூட்டிக் கிடந்த குடிசையில் எலிப் புழுக்கை கிடந்தால் காய்ந்தபடியே பெருக்க மாட்டோம். இங்கே ஒருவகைக் காட்டெலியின் கழிவுத் தூசியால் உயிர்க்கொல்லி நுரையீரல் நோய் வருகிறது. 1993இல் கண்டுபிடித்தார்கள். கதவு ஜன்னலைத் திறந்து காற்றாட விட்டு, பிளீச்சிங் கரைசல் தெளித்து ஊறவைத்து, கையுறையோடு துடைத்தெடுக்க வேண்டும். பரணையும் பழைய அறையையும் இப்படியே சுத்தம் செய்யுங்கள். எலியால் வரும் நோய்கள் நம் ஊரிலும் உண்டு.

நீங்களும் ஒரு கணக்கு வையுங்கள்

கடைசியாக ஒன்று. கண்ணால் பார்த்து "நல்லாத்தான் இருக்கு" என்று விட்டுவிடும் விஷயங்கள் நம் வீட்டில் எத்தனை! குழந்தையின் எடை, கணவரின் ரத்த அழுத்தம், மாமியாரின் சர்க்கரை, நம்முடைய ரத்த சோகை... நம்முடையதைத்தான் கடைசியில் பார்ப்போம், பல சமயம் பார்க்கவே மாட்டோம். ஒரு பழைய நோட்டை எடுத்து ஆளுக்கொரு பக்கம் ஒதுக்குங்கள். தேதி போட்டு, வந்த எண்ணை வந்தபடி எழுதுங்கள். கூட்டாமல், குறைக்காமல். ஆறு மாதம் கழித்துக் கோடு எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். போகக் கூடாத பக்கம் போனால் டாக்டரிடம் போகும்போது நோட்டையும் கையில் எடுத்துப் போங்கள்.

மாமியார் கட்டித் தரும் எள்ளுருண்டை வெயிலில் இளகாமல் இருப்பதற்கு என்ன பக்குவம் என்று அடுத்த இதழில் எழுதுகிறேன். ஈரோட்டுச் சகோதரிக்குக் கோபம் தீர்ந்ததா என்று ஒரு வரி எழுதிப் போடட்டும்!